மார்பளவுத் தண்ணீரில் தாக்குப்பிடிக்கும் கச்சை எது? மெட்டல் டிடெக்டர் சுமக்க வீட்டில் செய்யும் ஐந்து ஹார்னஸ்கள்

கரையில் மாட்டிப் பார்த்தால் ஐந்துமே நன்றாகத்தான் இருக்கும். இடுப்பளவுத் தண்ணீரில் மூன்று சொதப்பிவிடும். மார்பளவிலும் அலை அடிக்கும் கடலிலும் மிச்சமுள்ள இரண்டில் ஒன்றைத்தான் நம்பலாம். தரையில் நடக்கும்போது இடுப்பில் தொங்கும் எல்லாமே கீழ்நோக்கி இழுக்கும், அதற்கேற்ற மாதிரி வாரைக் கட்டினால் போதும். தண்ணீரில் இறங்கியதும் டிடெக்டரின் கன்ட்ரோல் பாக்ஸ் மேலே கிளம்புகிறது, மணலை அள்ளிச் சலிக்கும் ஸ்டீல் ஸ்கூப் கீழே இழுக்கிறது, நைலான் பட்டை நனைந்து சற்று நீள்கிறது, அலை பக்கவாட்டில் தள்ளுகிறது. தரைக்கென்று யோசித்துச் செய்த ஹார்னஸ் இந்த நாலு பக்க இழுபறிக்குத் தயாராக இருக்காது.

இங்கே பேசப்போவது அமெரிக்காவின் ஃப்ளோரிடா கடற்கரைகளிலும் வடக்கே உள்ள பேரேரிகளிலும் தண்ணீரில் இறங்கி மோதிரம், செயின் தேடுகிறவர்கள் கட்டிக்கொள்ளும் கச்சைகளைப் பற்றி. முக்குளிப்பவர்களுக்கானது அல்ல, கால் தரையில் பதியும் ஆழம் வரைதான். (இதைப் படித்துவிட்டு நம்மூரில் இறங்க நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. மண்ணில் மறைந்திருந்து கிடைப்பது பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். ஃப்ளோரிடாவிலும் எல்லா இடத்திலும் இறங்கிவிட முடியாது. 1715 ஜூலை 31 அன்று ஸ்பானியக் கப்பல்கள் புயலில் மூழ்கிய செபாஸ்டியன், வீரோ பீச் பக்கம் உலர்ந்த மணலில் தேடலாம். தண்ணீருக்குள் இருப்பதை எடுக்கும் உரிமை வேறு ஆட்களிடம் இருக்கிறது.)

முதலில் உங்கள் மெஷினுக்கு இது தேவைதானா என்று பாருங்கள். மைன்லேப் ஈக்வினாக்ஸ் 800 எடை 1.34 கிலோ, ஈக்வினாக்ஸ் 900 அதைவிடக் கொஞ்சம் குறைவு. இரண்டிலும் திரைப்பகுதி தண்டோடு சேர்ந்தது. கழற்றி இடுப்பில் வைக்க வழியில்லை, வைக்கவும் வேண்டாம். அவற்றுக்கு ஸ்கூப்பும் பையும் தொங்க ஒரு பெல்ட் போதும். எக்ஸ்பி டியூஸ் 2-இன் திரைப்பகுதியான ரிமோட்டைக் கழற்றலாம். ஆனால் காயிலும் (தண்டின் நுனியில் மணலைத் துழாவும் வட்டத் தட்டு) ரிமோட்டும் பேசிக்கொள்வது ரேடியோ அலையில். தண்ணீர் அதை விழுங்கிவிடும் என்பதால் தண்டை ஒட்டி ஏரியல் வயர் ஒன்று போக வேண்டும். வயர் எங்கே முடிகிறதோ அங்கேதான் ரிமோட்டும் இருக்க முடியும்.

ஹார்னஸுக்கு உண்மையான தேவை பாக்ஸ் தனியாக உள்ள மெஷின்களுக்குத்தான்: மைன்லேப் எக்ஸ்காலிபர் 2, காரெட் சீ ஹன்ட்டர் மார்க் 2, டெசோரோ சேண்ட் ஷார்க். டெசோரோ கம்பெனி 2018-இல் மூடிவிட்டது. செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்களுக்கு இடுப்புக் கிட் கிடைப்பது அரிது, தைத்துக்கொள்ள வேண்டியதுதான். எக்ஸ்காலிபரில் இன்னொரு சங்கதி உண்டு. காயில் வயரும் ஹெட்போன் வயரும் பாக்ஸோடு நிரந்தரமாக இணைந்தவை, பிடுங்க முடியாது. இது ஹார்னஸின் வடிவத்தையே மாற்றுகிற விஷயம். பின்னால் வருகிறேன்.

பாக்ஸைத் தண்டிலிருந்து இடுப்புக்கு மாற்றுவதில் கையின் எடை குறைகிறது என்று எல்லோரும் சொல்வார்கள். தண்ணீரில் அதைவிடப் பெரிய லாபம் இழுவை குறைவது. தண்டில் உள்ள பாக்ஸ் ஒவ்வொரு வீச்சிலும் துடுப்பு மாதிரி தண்ணீரைத் தள்ளுகிறது. மூன்று மணி நேரம் கழித்துத் தோள் வலிப்பது அதனால்தான்.

பாக்ஸ் எவ்வளவு மிதக்கும் என்பதைத் தைக்க உட்காரும் முன் கணக்குப் போட்டுவிட வேண்டும். உதாரணத்துக்கு 20 x 12 x 8 சென்டிமீட்டர் பெட்டி என்றால் கொள்ளளவு 1,920 கன சென்டிமீட்டர். கடல்நீரின் அடர்த்தி சுமார் 1.025, ஆக அது ஒதுக்கும் நீர் 1.97 கிலோ. பெட்டியின் எடை 1.2 கிலோ என்றால் 770 கிராம் விசையோடு மேலே வரும். பெல்ட்டை இறுக்கினால் சரியாகிவிடும் என்று நினைக்கிறவர்கள் இறுக்கி இறுக்கி மூச்சுவிடச் சிரமப்படுவார்கள், பாக்ஸ் மட்டும் விலா எலும்புக்கு வந்து நிற்கும். ஈயத்தை வைத்து அமுக்குவதானால் 770 கிராம் ஈயம் போதாது. ஈயத்துக்கும் மிதப்பு உண்டு, ஒரு கிலோ ஈயம் கடல்நீரில் 910 கிராம் போலத்தான் இருக்கும். ஆகவே 850 கிராம் வேண்டும். கணக்கு பிடிக்காதவர்கள் வாளித் தண்ணீரில் பாக்ஸைப் போட்டு, தூண்டில் ஈயக்குண்டுகளை ஒவ்வொன்றாகக் கட்டி, எப்போது மெல்ல அமிழ்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம். நல்ல தண்ணீரில் பார்த்ததற்கு மேல், இந்த அளவுப் பெட்டிக்கு 50 கிராம் சேர்த்தால் கடலுக்குப் பொருந்தும்.

முழுவதும் அமுக்க வேண்டியதில்லை. 200 கிராம் மிதப்பை விட்டுவைத்தால் பெல்ட் தாங்கும். அலை உங்களைச் சாய்க்கும்போது இடுப்பில் தேவையில்லாத ஈயம் இருப்பது நல்லதல்ல.

இனி ஒவ்வொன்றாக.

ராணுவ பெல்ட்டும் தோள்வாரும்

அமெரிக்க ராணுவம் 1973-இல் ஏற்றுக்கொண்ட ஆலிஸ் வகைச் சாமான்கள் பழைய ராணுவப் பொருள் விற்கும் கடைகளில் இன்னும் கிடைக்கின்றன. 57 மில்லிமீட்டர் அகல பெல்ட், பின்னால் ஒட்டிய தோள்வார், பெல்ட் நெடுக உலோகக் கண்கள். விலை குறைவு, தையலே வேண்டாம், எங்கே வேண்டுமானாலும் பையைக் கோர்க்கலாம். புதிதாக வருகிறவர்கள் முதலில் தொடுவது இதைத்தான்.

வாங்கினால் எல்சி-2 பெல்ட்டைக் கேட்டு வாங்குங்கள். அதில் பிளாஸ்டிக் பக்கிள், பழைய எல்சி-1-இல் உலோகம். பக்கிளில் தப்பித்தாலும் பைகளைப் பிடிக்கும் இரும்புக் கிளிப்புகளில் மாட்டிக்கொள்வோம். உப்புத்தண்ணீரில் சில நாள் போய்வந்தாலே துரு பூத்து, நகர மறுக்கும். கழற்றி எறிந்துவிட்டு அந்த இடத்தில் 25 மில்லிமீட்டர் பட்டையை வளையமாகத் தைப்பது நல்லது. தோள்வாரின் நுனியில் உள்ள கொக்கிகளுக்கும் அதே கதிதான்.

இதன் பெரிய குறை வேறு. தோள்வார் கீழ்நோக்கிய எடையைத் தாங்கப் பிறந்தது. பாக்ஸ் மேலே கிளம்பினால் தோள்வார் தொளதொளத்துக் காதுப் பக்கம் வந்துவிடும். முழங்கால் அளவு, தொடையளவு வரை அருமையான சாமான். அதற்கு மேல் கால்களுக்கு நடுவே ஒரு வார் போட்டுக் கீழே இழுத்துக் கட்டினால்தான் நிற்கும். அவ்வளவு வேலை செய்வதானால் கடைசியில் சொல்லப்போகும் கச்சையையே தைத்துவிடலாம்.

முக்குளிப்பவரின் ஈயப் பெல்ட்

ஸ்கூபா ஆட்கள் ஈயம் கட்டும் 50 மில்லிமீட்டர் பட்டையும் ஒரே இழுப்பில் திறக்கும் பக்கிளும். இதைவிட எளிய ஹார்னஸ் கிடையாது. பட்டையில் பாக்ஸின் பையைக் கோர்த்து, அந்தப் பையின் அடியில் ஈயக்கட்டி, இடது பக்கம் பொருள் போடும் பை. முடிந்தது.

இடுப்பளவு வரை எங்கள் முதல் தேர்வு இதுதான். காரணம் கழற்றும் வேகம். பக்கிளின் நாக்கைத் தூக்கினால் மொத்தமும் கழன்று கீழே போய்விடும். பட்டையின் நுனி வலக்கையால் இழுக்கும் பக்கம் வருமாறு மாட்டுவது முக்குளிப்பவர்களின் வழக்கம், அதையே வைத்துக்கொள்ளுங்கள். உதவிக்கு வருகிறவரின் கை அங்கேதான் தேடும். பக்கிளைத் தாண்டி 15 சென்டிமீட்டர் நுனி தொங்கட்டும். அழகுக்காக அதை உள்ளே செருகிவைப்பவர்கள் பக்கிளின் பயனையே கெடுத்துக்கொள்கிறார்கள்.

கெடுவது இரண்டு இடத்தில். வெட்சூட்டின் (உடம்போடு ஒட்டிய ரப்பர் நீச்சலுடை) மேல் கட்டினால் வழுக்கி இடுப்பெலும்புக்குக் கீழே இறங்கும். பட்டையின் உள்பக்கம் பழைய சைக்கிள் டியூபை நான்கு இடத்தில் வளையமாக ஏற்றினால் பிடித்துக்கொள்ளும். இரண்டாவது, பாக்ஸ் ஒரு பக்கம் மேலேயும் ஈயம் மறுபக்கம் கீழேயும் இழுத்தால் பெல்ட் மெல்லச் சுற்றும். அரை மணி நேரத்தில் பாக்ஸ் முதுகுக்குப் போய்விடும். ஈயத்தைப் பாக்ஸின் எதிர்ப்பக்கத்தில் சமன் பார்த்து வைப்பது தரைப் புத்தி. தண்ணீரில் பாக்ஸுக்கு நேர் கீழே, அதே பையின் அடியில் வைக்க வேண்டும். மிதப்பும் எடையும் ஒரே இடத்தில் அடங்கிவிட்டால் சுற்றுவதற்குக் காரணமே இல்லை.

மீன்பிடி வெஸ்ட்

வேண்டாம். பத்துப் பன்னிரண்டு பைகள் இருப்பதே இதன் கவர்ச்சி, அதுவே ஆபத்தும்கூட. தண்ணீருக்குள் இருக்கும்வரை பையில் நிரம்பிய நீருக்கு எடை தெரியாது. கரையேறும்போது ஒவ்வொரு லிட்டருக்கும் ஒரு கிலோ ஏறும், அதுவும் அலை பின்னாலிருந்து இழுக்கும் இடத்தில். பைகளின் அடியில் ஓட்டை போட்டால் நீர் வடியும், மணல் வடியாது. உலோக ஜிப்புகள் ஒரு சீசன் முடிவதற்குள் உறைந்துவிடும்.

பன்ஜி கயிற்றில் கையைத் தூக்கிவிடும் முதுகுக் கச்சை

மைன்லேப்பின் புரோ-ஸ்விங் 45 மாதிரியான தரை ஹார்னஸ்களைப் பார்த்து, முதுகுப்பை வாரிலும் பிவிசி குழாயிலும் செய்யப்படுவது. தோளுக்கு மேலிருந்து பன்ஜி என்னும் இழுபடும் ரப்பர் கயிறு இறங்கி டிடெக்டரைத் தாங்கும். தங்கக் கட்டி தேடும் கனமான மெஷின்களுக்குத் தரையில் இது வரம். தண்ணீரில் பாதகம். தண்டும் காயிலும் நீரில் ஏற்கெனவே எடை இழந்துவிட்டன. பன்ஜி அதற்கு மேலும் தூக்கினால் காயில் மணலை விட்டு எழும்பும். 3 சென்டிமீட்டர் எழும்பினால் 3 சென்டிமீட்டர் ஆழம் போச்சு, சின்ன மோதிரத்துக்கு அது பெரிய நஷ்டம். முழங்காலுக்குக் கீழே, ஈரமணலில் மட்டுமே தேடுகிறவர்களுக்குச் சரி.

தைத்த கச்சை, பின்பலகையோடு

நேரம் செலவழிக்கத் தகுந்தது இது ஒன்றுதான். மார்பளவிலும் அலையிலும் நம்பிப் போகலாம். ஒரு நல்ல ஸ்டீல் ஸ்கூப்பின் விலையில் கால்வாசிகூட ஆகாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

பட்டை பாலியெஸ்டராக இருக்கட்டும். நைலான் தண்ணீர் குடித்து இளகும், காய்ந்தால் மறுபடி இறுகும், அளவு ஒருநாளும் ஒன்றாக இராது. பாலிபுரொப்பிலீன் மலிவு, தண்ணீர் குடிக்காது, ஆனால் வெயிலில் நைந்துபோகும். கடையில் எல்லாம் ஒரே மாதிரித் தெரியும். ஒரு துண்டைத் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் பாலிபுரொப்பிலீன்.

தேவையானவை: இடுப்புக்கு 50 மில்லிமீட்டர் பட்டை, உங்கள் இடுப்புச் சுற்றளவோடு 40 சென்டிமீட்டர் கூட்டி. தோளுக்கு 38 மில்லிமீட்டர் பட்டை 1.2 மீட்டரில் இரண்டு. கால்களுக்கு நடுவே போக 38 மில்லிமீட்டரில் 1 மீட்டர். நெஞ்சுக்குக் குறுக்கே 25 மில்லிமீட்டரில் 40 சென்டிமீட்டர். பாக்ஸைக் கட்ட 25 மில்லிமீட்டரில் 60 சென்டிமீட்டராக இரண்டு. இடுப்புக்கு ஒரு ஈயப் பெல்ட் பக்கிள். 38-இல் ஒன்றும் 25-இல் ஒன்றுமாக அசிட்டால் பிளாஸ்டிக் சைடு-ரிலீஸ் பக்கிள்கள். பாக்ஸ் வார்களை இழுத்து இறுக்கும் லேடர்-லாக் பக்கிள் இரண்டு. நீளத்தைச் சரிசெய்ய மூன்று கம்பி உள்ள டிரை-கிளைடு ஆறு. டி-வளையம் மூன்று, 316 ரக ஸ்டெயின்லெஸ்ஸில், வாய் பற்றவைத்து மூடியது. 304 ரகம் கடலில் பழுப்புக் கறை பிடிக்கும். 316-இல் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் உப்பைத் தாங்கும்.

பின்பலகைக்குச் சமையலறையின் வெள்ளை பிளாஸ்டிக் காய்வெட்டும் பலகையைவிடச் சிறந்த பொருள் இல்லை. 6 மில்லிமீட்டர் தடிமன் போதும். பாக்ஸைவிட எல்லாப் பக்கமும் 2 சென்டிமீட்டர் பெரிதாக வெட்டி, மூலைகளை உருட்டிவிடுங்கள், இல்லையென்றால் வெட்சூட்டை அறுக்கும். இடுப்புப் பட்டை நுழைய இருபக்கமும் 52 மில்லிமீட்டர் நீள வெட்டுவாய் வேண்டும். மையத்துக்கு மையம் 46 மில்லிமீட்டர் விட்டு 6 மில்லிமீட்டர் துளை இரண்டு போட்டு, நடுவே ரம்பத்தால் இணைத்தால் சரியாக வரும். பாக்ஸ் வார்களுக்கு இதே முறையில் சின்ன வெட்டுவாய்கள். நடுவில் 10 மில்லிமீட்டர் துளைகள் ஏழெட்டு போட்டால் தண்ணீர் வடியும். பசை போட்டு ஒட்ட நினைக்காதீர்கள், இந்தப் பிளாஸ்டிக்கில் எந்தச் சாதாரணப் பசையும் பிடிக்காது. பாக்ஸுக்கும் பலகைக்கும் நடுவே சைக்கிள் டியூப் துண்டு ஒன்று வைத்து, இரண்டு வாராலும் இறுக்கினால் நகராது. வெல்க்ரோவை இங்கே நம்பக் கூடாது. கொக்கிப் பக்கத்தில் மணல் ஏறினால் பிடிப்பு போய்விடும்.

பட்டையின் வெட்டுமுனைகளைத் தீயில் காட்டி உருக்கிவிடுங்கள். துளை வேண்டிய இடத்தில் டிரில் போடாமல் சூடான சால்டரிங் அயர்னால் குத்துங்கள். டிரில் இழைகளை அறுக்கும், சூடு இழைகளை ஒட்டவைக்கும். தையலுக்குப் பிணைத்த பாலியெஸ்டர் நூல், 110/18 ஊசி, 3 மில்லிமீட்டர் தையல். ஒவ்வொரு மூட்டிலும் பட்டையின் அகலத்துக்கு ஒரு சதுரம் தைத்து, உள்ளே பெருக்கல் குறி போடுங்கள். பருத்தி நூல் உப்பில் இற்றுவிடும். வீட்டுத் தையல் மெஷின் இரண்டு மடிப்பு வரை தாங்கும், மோட்டாரை விட்டுவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றினால் ஊசி பிழைக்கும். மூன்று மடிப்பு வந்தால் செருப்புத் தைப்பவரின் குத்தூசிதான் சரி.

கால்வார்தான் இந்தக் கச்சையின் உயிர். பாக்ஸ் எவ்வளவு மேலே இழுத்தாலும் கச்சையை இடுப்பில் உட்காரவைப்பது அதுதான். பின்னால் இடுப்புப் பட்டையில் தைத்து, முன்னால் வெறும் வளையமாக முடியுங்கள். இடுப்புப் பட்டையை அந்த வளையத்துக்குள் விட்டுத்தான் பக்கிள் போட வேண்டும். பக்கிளைத் திறந்ததும் கால்வாரும் தானே கழன்றுவிடும். கால்வாருக்கென்று தனி பக்கிள் வைப்பது நல்ல யோசனை மாதிரிதான் தெரியும். தலைக்கு மேல் அலை வரும்போது தொடைகளுக்கு நடுவே பக்கிள் தேட எந்தக் கையாலும் முடியாது.

தோள்வார்கள் இருப்பதால் இடுப்பைத் திறந்தால் மட்டும் கச்சை கழலாது. 38 மில்லிமீட்டர் சைடு-ரிலீஸ் பக்கிளை இடது தோளில், நெஞ்சுப் பக்கம் கை எட்டும் இடத்தில் வையுங்கள். நெஞ்சுவார் காறையெலும்புக்குக் கீழே 15 சென்டிமீட்டரில் இருக்கட்டும், மேலே போனால் கழுத்தை அழுத்தும். ஆக மூன்று பக்கிள்: இடுப்பு, நெஞ்சு, இடது தோள். கையுறை போட்டு, கண்ணை மூடி, இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, 5 விநாடிக்குள் மூன்றையும் திறந்து தோளை உருவ முடிகிறதா பாருங்கள். முடியவில்லையென்றால் நெஞ்சுவாரை எடுத்துவிடுங்கள்.

எக்ஸ்காலிபரைப் பற்றிச் சொல்ல வந்தது இதுதான். ஹெட்போன் பாக்ஸோடு இணைந்தது. கச்சையை மட்டும் கழற்றினால் அது உங்கள் தலையைப் பிடித்து இழுக்கும். ஆகவே வரிசை: முதலில் ஹெட்போனைத் தள்ளு, பிறகு இடுப்பு, நெஞ்சு, தோள். ஹெட்போன் வயரை முதுகில் தோள்வார்கள் சேரும் இடத்தில் ஒரு மெல்லிய ரப்பர் வளையத்தில் மட்டும் பிடிக்கவையுங்கள். கேபிள் டையால் கட்டிவிட்டால் அது கழுத்துக் கயிறுதான்.

காயில் வயரும் கவனம் கேட்கும். பாக்ஸ், டிடெக்டர் பிடிக்கும் கையின் பக்கமே, இடுப்பெலும்புக்குச் சற்றுப் பின்னால் இருக்கட்டும். எதிர்ப்பக்கம் வைத்தால் வயர் வயிற்றுக்குக் குறுக்கே வரும், ஸ்கூப் பிடிக்கும் கை அதில் மாட்டும். கையை முழுக்க நீட்டியபோதும் வயரில் ஒரு சாண் தளர்வு வேண்டும். காயிலுக்கு அருகே மட்டும் தளர்வே கூடாது. அங்கே வயர் ஆடினால் இல்லாத பொருளுக்கெல்லாம் மெஷின் கத்தும்.

உலோகம் எவ்வளவு அருகே வரலாம் என்பது அடிக்கடி கேட்கப்படும் கேள்வி. இடுப்பு பக்கிளும் தோள் வளையமும் காயிலுக்கு வெகுதூரம், தொல்லை தராது. தொடையில் கட்டும் பைகள்தான் வில்லன். அதன் பக்கிளும், உள்ளே போட்ட ஈயக்குண்டுகளும் பாட்டில் மூடிகளும் காயில் உள்பக்கம் வீசும்போது குரல் கொடுக்கும். சீ ஹன்ட்டர், சேண்ட் ஷார்க் போன்ற பல்ஸ் இன்டக்‌ஷன் (மின்துடிப்பு அனுப்பித் தேடும்) மெஷின்கள் வேண்டாத உலோகத்தைச் சரிவரப் பிரித்து ஒதுக்காது, அவற்றோடு தொடைப்பை ஒத்துவரவே வராது.

ஸ்கூப்பை எங்கே கட்டுவது என்பதில்தான் பலரும் உயிரோடு விளையாடுகிறார்கள். மணிக்கட்டில் கட்டாதீர்கள். 2.5 கிலோ ஸ்டீல் ஸ்கூப் கடல்நீரில்கூட 2.2 கிலோ இருக்கும். அலை அதை மணலில் நட்டுவிட்டால் நங்கூரம், நீங்கள் படகு. பின்னிடுப்பு டி-வளையத்திலிருந்து 2 மீட்டர் கயிறு, நடுவே வேண்டுமென்றே பலவீனமான ஒரு கண்ணி: 2.5 மில்லிமீட்டர் அகலமுள்ள மெல்லிய கேபிள் டை. அதன் தாங்கும் அளவு சுமார் 8 கிலோ. சாதாரண இழுப்புக்கு அறாது, உங்கள் உடம்பெடை சாய்ந்தால் அறுந்துவிடும். பையில் பத்து டை எடுத்துப் போங்கள், ஒரு மாதத்துக்குப் போதும். மரக்கைப்பிடி ஸ்கூப் என்றால் இன்னும் நல்லது. கயிறு அறுந்தாலும் கைப்பிடி மேல்நோக்கி நின்றுகொண்டிருக்கும், தேடி எடுத்துவிடலாம். மிதக்கும் சல்லடைக்கும் இதே கண்ணிதான். அதை அலையில்லாத ஏரியில் மட்டும் இழுத்துப்போங்கள். கடலில் அது திரும்பி வந்து முழங்காலில் இடிக்கும்.

பொருள் போடும் பை இரண்டறை உள்ளதாக, மூடியோடு இருக்க வேண்டும். அடிப்பாகம் வலை. திறந்த பையிலிருந்து ஒரு நல்ல அலை முழுக் காலை உழைப்பையும் திரும்ப எடுத்துக்கொள்ளும். பெரிய பல் உள்ள பிளாஸ்டிக் ஜிப் மணலைத் தாங்கும். மோதிரம், கம்மலுக்கு உள்ளே இன்னொரு சின்ன வலைப்பை.

காற்றடைத்த மிதவைப் பெல்ட் கட்டுவதானால் கையால் இழுத்தால் மட்டும் ஊதும் ரகம் வாங்குங்கள். தானாக ஊதும் ரகம் தண்ணீர் பட்டதும் வேலையைக் காட்டிவிடும். அதைக் கச்சையோடு சேர்க்காமல், தனியாகக் கட்ட வேண்டும். கச்சையைக் கழற்றும்போது மிதவையும் சேர்ந்து போனால் என்ன பயன்? தூண்டில் நரம்பில் சிக்கினால் அறுக்க டைட்டானியம் கத்தி ஒன்று இடது தோள்வாரில் இருக்கட்டும், துருப்பிடிக்காது. ஃப்ளோரிடாவில் திருக்கை மீன் உண்டு, காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடப்பது அங்கே வழக்கம். அப்படி நடக்கும்போது கிளம்பும் மணல் முழுவதும் இடுப்புக்குக் கீழே உள்ள பக்கிள்களுக்குள்தான் போகும். சைடு-ரிலீஸ் பக்கிள்களை முடிந்தவரை மேலே வைக்கச் சொல்வதற்கு இதுவும் காரணம்.

வீடு வந்ததும் நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவையுங்கள். குழாயடியில் காட்டினால் போதாது, தையலுக்குள் உள்ள உப்பு வெளியே வராது. பக்கிள்களைத் தண்ணீருக்குள்ளேயே பத்துப் பதினைந்து முறை திறந்து மூடுங்கள். நிழலில் உலர்த்துங்கள். பேரேரிகளில் தேடுகிறவர்கள் ஓர் ஏரியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் முன் கச்சையை ஐந்து நாளாவது முழுக்கக் காயவைக்க வேண்டும். வரிக்குதிரைச் சிப்பியின் குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஈரப் பட்டையில் ஒட்டிக்கொண்டு புது ஏரிக்குக் குடியேறிவிடும். அலுமினியத் தண்டில் ஸ்டெயின்லெஸ் போல்ட் இருந்தால் நடுவே நைலான் வாஷர் போடுங்கள். உப்புநீரில் ஸ்டெயின்லெஸ் பட்ட இடத்தில் அலுமினியம் அரித்து, இரண்டும் பூட்டிக்கொள்ளும், பிறகு சுத்தியல்தான். மாதம் ஒருமுறை எல்லா மூட்டுத் தையலையும் நகத்தால் கீறிப் பாருங்கள். நூல் பிசிறினால் பிரித்துத் தைக்கும் வரை அந்தக் கச்சையோடு முழங்காலுக்கு மேல் இறங்க வேண்டாம்.